பாதிப் பாலத்தில் மூடிய புத்தகம்

ஆழ்வார்திருநகரி,
வெள்ளிக்கிழமை காலை.

சிரஞ்சீவி ஸ்ரீராகவுக்கு அம்மாவின் ஆசிகள். பெருமாள் கடாட்சத்தில் அப்பாவும் நானும் சௌக்கியம், பெங்களூரில் உனக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று விளக்கேற்றும்போதே கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். ஐப்பசி மழை விட்டபாடில்லை. ஆற்றில் செந்தண்ணீர் படித்துறையை மூடிவிட்டது. அப்பாவுக்கு முழங்காலில் வலி, வாயில் ஒரு வலியும் இல்லை.

வெளியே போக வழியில்லாததால் நூலகப் புத்தகங்கள்தான் துணை. குளத்துப் பறவைகளைப் பற்றி ஒன்று படித்தேன், அவ்வளவு நன்றாக இருந்தது, நாம் வெறும் கொக்கு என்று சொல்வதில் எத்தனை வகை! பணக்காரராவது எப்படி என்று இன்னொன்று, எழுதியவர் வரவைச் சொல்கிறாரே தவிரச் செலவைச் சொல்லவே இல்லை, வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு அது ஒப்பவில்லை, பாதியில் வைத்துவிட்டேன். மூன்றாவதாக எடுத்த நாவலைப் பற்றித்தான் உனக்கு எழுத வேண்டும். அட்டை போய், எழுதியவர் பெயரும் கிழிந்துபோன புத்தகம். ஆற்றங்கரை வீட்டில் ஒரு அம்மா, வெளியூரில் ஒரே மகன். ஒரு மத்தியானம் கொல்லைக் கதவிலிருந்து பூஜை அறை வரை ஈரக் கால்தடம் கிடக்கிறது, திரும்பிப் போன தடம் இல்லை என்று வருகிறது. படித்துவிட்டு எழுந்தால் நம் கூடத்திலும் அப்படியே கிடந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீயே கிணத்தடிக்குப் போயிட்டு வந்திருப்பே, புத்தகத்த மூடிட்டுப் பாலப் பாரு, பொங்குது என்றார். என் காலை வைத்துப் பார்த்தேன், தடம் பெரிது. அப்புறம் வாசித்ததில் அந்த மகன் கார் எடுக்குமுன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான், உன்னைப் போலவே. மழையில் புறப்படுகிறான், தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, பாதிப் பாலத்தில் வண்டி நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் உன் போன் வந்தது, தீபாவளிக்குக் காரிலேயே வருகிறேன் என்று.

புத்தகத்தை மூடிவிட்டேன். மூடிய பிறகுதான் உறைத்தது. பாராயணத்தில் யாரும் துன்பப்படுகிற கட்டத்தில் நிறுத்தக் கூடாது, அவர்களுக்கு நல்லது நடக்கும் இடம் வரை வாசித்துவிட்டுத்தான் மூட வேண்டும். நானோ ஒரு பிள்ளையைத் தண்ணீர் நடுவே விட்டுவிட்டேன். மேலே படிக்கவும் மனம் வரவில்லை, படித்தால் நடந்துவிடுமோ என்று பயம். அடுத்த வீட்டு ப்ரீதா டீச்சரிடம் கொடுத்து, கதையெல்லாம் வேண்டாம், அவன் கரையேறினானா என்று மட்டும் சொல் என்றேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என்ன மாமி, கதைக்குப் போய் இப்படிப் பயப்படுதீங்க, அவன் கரையேறலன்னா நானே போய் இழுத்துட்டு வாரேன் என்று வாங்கிப் போனாள். நேற்று என்னிடம் வராமல் தானே நூலகத்தில் கொண்டு கொடுத்துவிட்டாள். வாசலில் நிறுத்திக் கேட்டேன். சிரிக்கவில்லை. குடையை விரித்தபடி, ஸ்ரீராகவ் எதுல வாரான் மாமி என்று மட்டும் கேட்டாள். ரயிலில்தான் என்று சொல்லிவிட்டேன். அதுல மாத்தம் எதுவும் வேண்டாம் மாமி என்று சொல்லிப் போய்விட்டாள்.

அதனால் ராகவா, கார்ச் சாவியை உன் கூட்டாளி மகேஷிடம் கொடுத்துவிட்டு டிக்கெட் எடு. அப்பா சிரிப்பார், சிரிக்கட்டும். இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தாலும் சரி, ரயிலில் வா. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. பெருமாள் உன்னைக் கைபிடித்துக் கூட்டி வரட்டும். ப்ரீதாவிடம் நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே.

உன் அம்மா,
கோமு