வியாழக்கிழமை கிரைண்டர்

ஜனவரி 10, சனி

குளிர். குழாயைத் திறந்தால் விரல் மரத்துப் போகிறது. வாங்க: உளுந்து, வெல்லம், கரும்பு (ஆகுர்டியில் இல்லாவிட்டால் பிம்ப்ரி மார்க்கெட்), அவருக்கு ஷேவிங் பிளேடு.

மத்தியானம் கிளப்ஹவுஸில் சுனந்தா தாயியின் எழுத்து வகுப்பு. எல்லாரும் இதே பில்டிங் பெண்கள். வீட்டில் தையல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருகிறோம். தாயி என்றால் மராத்தியில் அக்கா. முன்பு ஸ்கூல் டீச்சர். அடிபடுகிறவள் தன் கதையைத் தானே எழுத வேண்டும், நாலு பேர் முன்னால் வாசிக்க வேண்டும், அப்போதுதான் அடி நிற்கும் என்பார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த ரெண்டு மணி நேரம் யாரும் என்னை அதட்டுவதில்லை, அதற்காகப் போகிறேன்.

வீட்டுப்பாடம்: வீட்டில் உள்ள ஒரு பொருள். உள்ளதை உள்ளபடி. எந்த மொழியிலும்.

குக்கரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அத்தனையும் புளுகு. கிழித்தாயிற்று.

ஜன. 11, ஞாயிறு

அவர் டூட்டி. கோவை ஹாஸ்டலிலிருந்து மகன் போன். "நல்லாருக்கீங்களாம்மா?" "நல்லாருக்கேன் சாமி." வேறென்ன சொல்ல.

எழுதிவிட்டேன். கிரைண்டர். கோயமுத்தூரிலிருந்து சீரோடு ரயிலில் வந்தது. இந்தப் பக்கம் ஃபேக்டரிக்கெல்லாம் வியாழன்தான் வார லீவு. அன்று மத்தியானம் சாப்பிட்டதும் அவருக்கு ஏதாவது கோபம் வரும். முதலில் ஜன்னலைச் சாத்துவார். அப்புறம் கிரைண்டரைப் போடுவார். உள்ளே அரிசியும் இருக்காது, உளுந்தும் இருக்காது. அந்தச் சத்தத்தில் நான் கத்துவது வெளியே கேட்காது. முடிந்ததும் அணைப்பார், கை கழுவுவார், டீ கேட்பார்.

புனேக்காரர்களுக்கு மத்தியானத் தூக்கம் உயிர். பில்டிங் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டாம் மாடிக்காரி, எல்லாரும் பாபி என்று கூப்பிடுபவள், மெசேஜ் போட்டாள்: ஒன்றிலிருந்து நாலு வரை கிரைண்டர் ஓட்டாதீர்கள். அவர் லிஃப்டில் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, நாங்க மத்ராஸிங்க, இட்லி இல்லாம எப்படி என்று ஹிந்தியில் குழைந்தார். லிஃப்டில் எல்லாருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். அதையும் எழுதினேன்.

ஜன. 13, செவ்வாய்

நாலாம் மாடி ஜெயந்தி அக்கா வந்தார். எங்கள் தலைக்கு மேல் வீடு. திருநெல்வேலி. வகுப்பில் நாங்கள் இருவர்தான் தமிழ். நான் எழுதியதை ஹிந்தியில் மாற்றித் தருவதாக ஏற்பாடு. டைனிங் டேபிளில் உட்கார்ந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறும் கல்லுதான் ஓடுதுன்னு எனக்குத் தெரியும்லா செல்வி."

"எப்படிக்கா?"

"மாவு கெடந்தா சத்தம் அமுங்கிக் கேக்கும். இது கல்லோட கல் ஒரசுத சத்தம். இங்க உள்ளவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஒரு நாள் கீழ வரலியேக்கா."

"புருஷன் பொண்டாட்டி விஷயம்னு இருந்துட்டேன்."

கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் வருவதைவிட அக்கா மேல் அதிகம். காப்பி போட்டுக் கொடுக்கவில்லை. பேப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஜன. 15, வியாழன். பொங்கல்

பால் நன்றாகத்தான் பொங்கியது. சர்க்கரைப் பொங்கலில் இனிப்பு பற்றவில்லையாம். ஜன்னல். கிரைண்டர்.

இடது மணிக்கட்டு வீக்கம். குளிர்காலம் ஒரு விதத்தில் சௌகரியம், முழுக்கை ஸ்வெட்டருக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

நடுவில் மேலே நாற்காலி இழுபடும் சத்தம். அக்கா வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

ஜன. 17, சனி

தாயியின் யோசனை: நாளை கிளப்ஹவுஸில் ஹல்தி-குங்கு, வாசிப்பும் அங்கேயே. சங்கராந்தி கழிந்து பெண்கள் கூடி மஞ்சள் குங்குமம், எள்ளுருண்டை கொடுத்துக்கொள்வது. அதற்குப் போகாதே என்று எந்தப் புருஷனும் சொல்ல மாட்டான். புருஷன் இல்லாதவர்களையும் தாயி கூப்பிட்டிருக்கிறார், அதற்கே ரெண்டு பேருக்கு முகம் கோணல்.

"பேர் போட வேண்டாம்னா வேண்டாம். போலீஸுக்குப் போகணும்னா நான் கூட வர்றேன். நீதான் சொல்லணும்" என்றார்.

வாசித்தால் அவர் காதுக்குப் போகும். போனால் அடுத்த வியாழன் என்ன ஆகும்? வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் இதே யோசனை. ஒரு டம்ளர் கை தவறி விழுந்தது.

ஜன. 18, ஞாயிறு

வாசித்தேன். முதலில் தமிழில், நானே. பேர் சொல்லி, மூன்றாம் மாடி என்றும் சொல்லி. அக்காவைத் தவிர ஒருத்திக்கும் புரியவில்லை. பிறகு ஜெயந்தி அக்கா ஹிந்தியில். 'வியாழக்கிழமை' வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

இரண்டாம் மாடி பாபி: "அந்த மெசேஜ் போட்டது நான்." அவ்வளவுதான். என் கையில் எள்ளுருண்டையை வைத்து மூடிப் பிடித்தாள்.

வீடு திரும்பியதும் தோன்றியது: என்ன காரியம் செய்துவிட்டேன்.

ஜன. 20, செவ்வாய்

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே: "கீழ எல்லாரும் ஒரு மாதிரி பாக்கறாங்க. என்ன சொல்லி வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க."

"சரி. வியாழக்கெழம பேசிக்கலாம்."

ரசம் உறைக்கவில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஜன. 22, வியாழன்

ரெண்டரை இருக்கும். ஜன்னலைச் சாத்தினார். கிரைண்டரைப் போட்டார். என் முடியைப் பிடித்தபோது காலிங் பெல்.

அசையாமல் நின்றார். மறுபடி பெல். கையை எடுக்காமல் அடித்தார்கள்.

கதவைத் திறந்தார். ஜெயந்தி அக்கா, தாயி, இரண்டாம் மாடி பாபி, பின்னால் இன்னும் சிலர். ஆளுக்கொரு பாத்திரம்.

அக்கா: "மாவு அரைக்க சத்தம் கேட்டுது தம்பி. ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம்."

"இன்னும் அரைபடலீங்க."

உள்ளே வெறும் கல் கடகடவென்று. வாசலில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அதுக்கென்ன. அரைபடுத வரைக்கும் உக்காந்திருக்கோம்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். சோஃபாவில் இடம் போதாமல் தரையில். நான் போய் கிரைண்டரை அணைத்தேன். உளுந்தைக் களைந்து ஊறப் போட்டேன். ஊற நாலு மணி நேரம் ஆகும் என்று ஹாலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாபி மட்டும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள்.

அவர் பெட்ரூமில். நான் சமையல் மேடையில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் போனதும் என்ன நடக்குமோ. பயமாகத்தான் இருக்கிறது. ஹாலில் ஜெயந்தி அக்கா போனில் தன் வீட்டுக்காரரிடம்: "நைட்டுக்கு நீங்களே ஏதாச்சும் பாத்துக்கிடுங்க. இங்க உளுந்து இன்னும் ஊறல."