நனைந்த படுதாவின் வாசம்

மதினி,

இன்று காலை உடும்பஞ்சோலையில் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் இறங்கி வந்து ஜீப்பின் படுதாவை அவிழ்த்துவிட்டார். நனைந்த தார்ப்பாயும் டீசலும் கலந்த அந்த வாசம் உள்ளே நிரம்பியதும் என் மணிக்கட்டில் உங்கள் விரல்கள் இறுகின. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தது யாருடைய கூடையோதான் என்று எனக்குத் தெரியும்.

அன்று ஜீப் வளைவில் கவிழ்ந்தபோதும் மழைதான். படுதா இறங்கியிருந்ததால், கவிழ்கிற வரைக்கும் வெளியே என்ன நடக்கிறது என்றே உங்களுக்குத் தெரியவில்லை. தோள் எலும்பு முறிந்தது, பிறகு கூடிவிட்டது. ஆனால் ஜீப்பில் ஏற மட்டும் முடியவில்லை. ஏலத்தோட்டத்துக்குக் குறுக்குப் பாதையில், பெரிய மரங்களுக்கு அடியில் நடந்தே போனீர்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் மரம் விழும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்தார். எப்படியாவது உங்களை மறுபடி ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் அந்த வருடம் முழுக்க எங்கள் கவலை.

"மழை விடட்டும், அப்புறம் பழகிக்கலாம்" என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள். இங்கே கல்யாணம் முதல் கூரை மாற்றுவது வரை எல்லாவற்றையும் மழை விட்ட பிறகுதானே வைத்துக்கொள்கிறோம். வெயில் வந்தது. படுதாக்கள் சுருட்டி மேலே கட்டப்பட்டன. நிற்கிற ஜீப்பில் முதலில் சும்மா உட்காரவைத்தேன்.

"யக்கா, நிக்கிற வண்டி எங்கிட்டுக் கவுரும்?" என்றார் டிரைவர்.

"ஓடுற வண்டியவே கவுத்த ஆளுக நீங்க. நிக்கிறத விட்டுவைப்பீகளாக்கும்" என்றீர்கள்.

பிறகு ஒரு நாள் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்தோம். இன்னொரு நாள் டீக்கடை வரைக்கும் போனோம். இறங்கியதும் ஜீப்பைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஏ நாத்தனா, ஒண்ணும் ஆகலையே!" உங்களை யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல, ஆனால் அந்த ஏமாற்றம் பிடித்துப்போனதைப் போல ஒரு சிரிப்பு. பங்குனிக்குள் என் தோளில் சாய்ந்து தூங்கும் அளவுக்கு வந்துவிட்டீர்கள்.

பயம் போய்விட்டது என்று நினைத்தோம். வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கிய காலையில் படுதாவை இறக்கினார்கள். என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தீர்கள். வண்டி நகர்வதற்குள் குதித்து இறங்கிவிட்டீர்கள்.

"எல்லாம் போச்சு புள்ள. நீ பட்ட பாடு வீணாப்போச்சு. நீ போத்தா, நான் குறுக்க வந்துர்றேன்."

அதன் பிறகு நீங்கள் ஜீப்பில் ஏறவே இல்லை. அந்த மழை ஓய்வதற்குள் ஒரு காலையில் நாங்கள் பத்திரமாகத் தோட்டத்தில் போய் இறங்கினோம். நீங்கள் வந்து சேரவில்லை. பாதையில் மரம் விழுந்திருந்தது.

உங்களுக்குப் பிறகு நான் மூளையைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சத்தத்தை எழுப்பி எலிக்கு லேசாக மின்சாரம் பாய்ச்சினால், பிறகு அந்தச் சத்தத்துக்கே அது நடுங்குமாம். மின்சாரம் இல்லாமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தால் பயம் அடங்கும். வரப்போகிறது என்று பயந்த வலி வராமல் போகிற அந்த நொடியில் மூளைக்குள் டோபமைன் என்ற ஒன்று சுரக்கிறது. இது ஆபத்தில்லை என்று மூளைக்குக் கற்றுத்தருவது அதுதானாம். அதை வாசித்த இடத்தில் உங்கள் சிரிப்பைக் கேட்டேன். ஒண்ணும் ஆகலையே.

ஆனால் அப்படிக் கற்றது பழைய பயத்தை அழிப்பதில்லை மதினி. அதன்மேல் இன்னொரு பாடமாக உட்காருகிறது, அவ்வளவுதான். கற்ற இடத்தோடும் வேளையோடும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடம் மாறினால் அடியில் கிடக்கும் பயம் எழுந்து வருகிறது. நாம் கற்றது வெயிலில், படுதா இல்லாத ஜீப்பில். மழை வந்ததும் பழையது வந்தது. புதியது எங்கும் போய்விடவில்லை. நீங்கள் தோற்கவும் இல்லை. எல்லாம் போச்சு என்று நீங்கள் சொன்ன அந்த நேரத்தில் இதைச் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால், மறுநாள் படுதாவுக்குள்ளேயே திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியிருப்போம்.

இன்று ஜீப்பிலிருந்து இறங்கும்போது "ஒண்ணும் ஆகலையே" என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் இறங்கியவர் ஏறிட்டுப் பார்த்தார். அது என் குரல் மாதிரி இல்லை. அவருக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம்.

நான் பயப்படுவது ஜீப்புக்கு அல்ல. குறுக்குப் பாதை தொடங்குகிற இடத்தில், காற்றில் இலை அசைந்தாலே என் கால் நின்றுவிடுகிறது. மழை விடட்டும், பிறகு கூட்டிப்போகிறேன் என்கிறார் அண்ணன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போகும்போது மழையில்தான் போவேன். அப்போதும் நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருப்பீர்கள். பிடித்துக்கொள்ளுங்கள்.