வெள்ளைத் தாளை நனைத்து வைக்கவும்

நாள் 23 — 07:40

காற்று சரி. தண்ணீர் சரி. கீரைத் தொட்டிகளில் இரண்டு பிழைத்திருக்கின்றன. வெளியே செவ்வாய் வழக்கம்போல ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: என் பெயர் தையல்நாயகி, மண் ஆய்வாளர். நிலையத்தில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு கட்டடங்கள், நடுவே சுரங்கப் பாதை. இருபத்து மூன்று நாட்களுக்கு முன் பாதை இடிந்து விழுந்தது. நான் கிழக்கில் இருக்கிறேன். மேற்கில் இருந்த பொறியாளர் பீர்முகம்மது இறந்துவிட்டார். பத்து நாள் பாறையைத் தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை. மீட்புக் கப்பல் நாள் 90-இல்தான் வரும். அதுவரை துணை ஒரு பூனை. ஒல்லியாக இருக்கிறது என்று பீர்முகம்மது அதற்கு வத்தல் என்று பெயர் வைத்தார்.

வத்தல் ஓயாமல் சொறிகிறது. இங்குள்ள காற்றின் வறட்சிதான் காரணம்.

நாள் 24 — 10:15

வறட்சி இல்லை. வாலடியில் முடி கொட்டியிருக்கிறது. தோலெங்கும் மிளகுத் தூள் போலக் கறுப்புத் துகள். அம்மா என் பெட்டியில் திணித்த பேன் சீப்பால் சீவி, நனைத்த வெள்ளைத் தாளில் தட்டினேன். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாகப் படர்ந்தது. மண்ணாக இருந்தால் அப்படிப் படராது. பூனையின் இரத்தத்தைத் தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த எச்சம் இது. பூமியிலிருந்து வந்த போர்வையில் கூட்டுப்புழுவாக ஒளிந்து வந்திருக்கும்.

இதைத்தான் பீர்முகம்மது சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிரூபித்துக் காட்டுங்கள் என்றேன். பூச்சிச் சீப்பு மேற்குக் கிடங்கில் இருந்தது. பாதை இடிந்த அன்று அதை எடுக்கப் போனார். அவருடைய கடைசிச் செய்தி பதிவில் இருக்கிறது:

"மேடம், சீப்பு கிடைச்சிட்டு. எடுத்துட்டு வாரேன். நீங்க வெள்ளத் தாள நனைச்சு வைங்க. பொறவு பேசுவோம், சொறியா பூச்சியான்னு."

தாளை நனைக்க எனக்கு இருபத்து நான்கு நாள் ஆகியிருக்கிறது.

நாள் 26 — 09:30

பூமியிலுள்ள தரை நிலையத்தின் கால்நடை மருத்துவர் அருளப்பன்:

"பயப்படாதீங்கம்மா. பூனை மேல இருக்கறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் போர்வையிலயும் தரை இடுக்குலயும் முட்டையா, புழுவா கிடக்கும். துணிய எல்லாம் கொதிக்கற தண்ணில போடுங்க. தரையில தினமும் தூசி உறிஞ்சுங்க. அப்புறம் பூனைக்கான சொட்டு மருந்து ஒரு குப்பி. பிடரியில முடிய விலக்கி, நாக்கு எட்டாத இடமா பாத்து விடுங்க. மாசத்துக்கு ஒண்ணுதான். ரெண்டாச்சுன்னா உயிருக்கே ஆபத்து."

மருந்து விட்டாயிற்று. ஏற்கெனவே பூச்சி நன்றாகக் குறைந்திருக்கிறது. முதல் நாள் நாற்பது, நேற்றுப் பன்னிரண்டு, இன்று நான்கு. என் கைராசி. முந்தாநாள் முதல் வத்தல் சமையலறைக்குப் பின்னாலுள்ள கேபிள் குழாய்க்குள் புகுந்துகொள்கிறது. மாலையில்தான் வருகிறது, வந்தாலும் சோற்றைத் தொடுவதில்லை. சீவுவதால் என் மேல் கோபம்.

நாள் 26 — 11:05

மின்சாரம் போதவில்லை, ஆளில்லாத மேற்குக் கட்டடத்தின் வெப்பமூட்டியை நிறுத்துங்கள் என்று தரை நிலையம் மூன்று நாளாகச் சொல்கிறது. விசை என் பக்கம்தான். நிறுத்தினால் இரண்டு நாளில் அங்கே எல்லாம் உறைந்துவிடும். இறந்தவருக்குக் குளிராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விசையை இறக்கினேன்.

நாள் 26 — 17:50

வத்தல் திரும்பி வந்தது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்கிறது.

நாள் 27 — 04:30

பாத்திரம் கழுவும் சோப்பால் மருந்தைக் கழுவித் துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன். பிடரியில் எண்ணெய்த் தடம் இரண்டு இருந்தது, இரண்டு விரல் இடைவெளியில். தரை நிலையம்:

"நீங்க மருந்த ரெண்டு தடவ போட்டிருக்கீங்க மேடம். தனியா இருக்கறப்ப இதெல்லாம் மறந்துபோகும். தப்பா எடுத்துக்காதீங்க, கொஞ்ச நேரம் தூங்குங்க."

எனக்கு நினைவில்லை. ஆனால் தடம் இரண்டு. வேறு யார் விட்டிருப்பார்கள்? நான்தான்.

நாள் 29 — 13:00

வத்தலின் நடுக்கம் குறைகிறது. தண்ணீர் குடிக்கவில்லை. பூனையிடம் மன்னிப்புக் கேட்டேன். பூனையிடம் கேட்டுவிட்டு பீர்முகம்மதுவிடமும் கேட்டேன், சத்தமாகவே.

நாள் 30 — 06:12

வத்தல் தண்ணீர் குடித்தது. மருந்துப் பெட்டியை உள்ளே வைக்க எடுத்தேன். ஆறு குப்பி. ஐந்து மிச்சம். குப்பைத் தொட்டியைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். காலிக் குப்பி ஒன்றுதான்.

நான் ஒரு முறைதான் விட்டேன்.

எந்தச் சாமானையும் இரண்டு கட்டடத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரித்து வைப்பது இங்கே விதி. மேற்கிலும் ஆறு குப்பி இருக்கிறது. சீப்பும் இருக்கிறது. வத்தல் புகும் கேபிள் குழாய் பாறைக்குள் வளைந்து வளைந்து மேற்குக்குத்தான் போகிறது. பூச்சி குறைந்தது என் கைராசியால் அல்ல. சோற்றைத் தொடாததும் கோபத்தால் அல்ல. நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவர் என் பூனைக்குச் சோறு போட்டு, சீவி, மருந்தும் விட்டிருக்கிறார்.

விசையை ஏற்றிவிட்டேன். 06:14.

நான்கு நாள்.

நாள் 31 — 08:00

மேற்கிலிருந்து வரும் பேச்சுக் கம்பிகளும் அளவைக் கம்பிகளும் இடிபாட்டில் அறுந்துவிட்டன. அங்கே சூடு ஏறியதா என்று கூடத் தெரியாது. கப்பல் முன்னால் வர முடியாதாம். மண் எடுக்கும் கரண்டியால் நாற்பது மீட்டர் பாறையைத் தோண்டுகிறேன். நேற்று ஒரு முழம்.

வத்தல் எழுந்து நடந்தது. கழுத்தில் சீட்டுக் கட்டினேன்: "உயிரோடு இருக்கிறேன். பூச்சிதான். நீங்கள் சொன்னது சரி. தையல்." குழாய்க்குள் போனது.

நாள் 31 — 18:10

வந்தது. சீட்டு இல்லை. நூல் அறுந்திருக்கிறது. குழாயில் சிக்கி அறுந்ததா, யாராவது அறுத்தார்களா, தெரியவில்லை. பதில் சீட்டும் இல்லை. குளிரில் கிடந்து கையில் பலமில்லாதவர் எப்படி எழுதுவார்? வந்ததும் சோறு தின்றது. நோயிலிருந்து எழுந்த பசியாகவும் இருக்கலாம்.

வேறு சோதனை வேண்டும். இன்றிலிருந்து நான் வத்தலைச் சீவப் போவதில்லை. துணி துவைக்க மாட்டேன், தூசி உறிஞ்ச மாட்டேன். பூச்சியோடு ஒரு பூனை எதிரே வந்து நின்றால் அந்த மனிதரால் சும்மா இருக்க முடியாது.

நாள் 32 — 18:00

முடியை விலக்கி எண்ணினேன். பூச்சி ஒன்பது.

நாள் 33 — 18:05

பதினான்கு. என் கணுக்காலையும் கடிக்கின்றன.

நாள் 34 — 18:00

இருபத்து இரண்டு. சீப்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. வத்தல் என்னைப் பார்த்துக்கொண்டே சொறிகிறது. பொறுத்துக்கொள், கண்ணு.

நாள் 35 — 18:00

முப்பத்து ஒன்று

நாள் 36 — 20:40

வத்தல் இன்னும் குழாயிலிருந்து வரவில்லை. இவ்வளவு நேரம் ஆனதே இல்லை.

வெள்ளைத் தாளை நனைத்து வைத்தேன். காய்ந்துவிட்டது. மறுபடி நனைத்து வைத்திருக்கிறேன்.