வண்டி நின்ற நேரம்

என் அன்புத் தங்கபாய்,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் அதை எப்படிக் கேட்பேன்? எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்றும் தெரியவில்லை. ஊரார் வாசித்தாலும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நம் வழியில் இப்போது பஸ் ஓடுகிறது. அது கிளப்பும் செம்மண்ணை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். நம் லில்லிக்கு இந்த வருஷம் பள்ளி இறுதிப் பரீட்சை.

தமிழ்ப் பண்டிதனைக் கட்டிக்கொண்ட சயன்ஸ் டீச்சர் என்று உன்னைக் கேலி செய்வார்களே, அந்தக் கேலி முழுக்க இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. அவளுக்குப் பிசிக்ஸ் சொல்லிக்கொடுக்க வீட்டில் நான்தான் மிச்சம். கிராப் என்றால் முடி வெட்டுவது என்பதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

அவளைப் படுத்தியெடுப்பது ஒரே மாதிரிக் கணக்குதான். ஒரு மாட்டுவண்டி கொஞ்ச நேரம் ஓடுகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. கிராப் தாளில் கீழே நேரம், பக்கத்தில் தூரம். கோடு போட வேண்டும். வண்டி ஓடும்வரை கோடு சரியாக ஏறும். வண்டி நின்றால் பென்சிலும் நின்றுவிடும். நின்ற நேரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதே புள்ளியிலிருந்து மறுபடி ஏற்றுவாள். இதில் தேறாவிட்டால் அம்மையைப் போல் டீச்சராக முடியாது என்று சொல்லி அழுகிறாள்.

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் யார் மைல் கணக்குச் சொல்கிறார்கள்? சந்தை எவ்வளவு தூரம் என்றால், வண்டியில் ஒரு மணி நேரம் என்பார்கள். வழியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியதும், வண்டிக்காரர் வெற்றிலை போட்டதும் அதில் சேராது. நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன்.

புத்தகத்தின் கடைசியில் இருந்த விடையில், வண்டி நின்ற இடத்துக்குக் கோடு கிடையாகப் போயிருந்தது. ஏன் என்று கேட்டாள். வண்டி சமதரையில் போகிறதோ என்னவோ என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போன சனிக்கிழமை மத்தியானம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அம்மைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப வண்டி நின்னுதே அப்பா, அத எப்பிடிப் போடணும்?"

அன்றைக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரோடு மழையும் சேர்ந்து, சானல் கரை உடைந்து, பாதையெல்லாம் வெள்ளம். மாடு இறங்க மறுத்தது. தண்ணீர் வடியட்டும் என்று வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டார். நீ காய்ச்சலில் கொதித்துக்கொண்டு, லில்லியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாய். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாய். பக்கந்தான் என்றேன். மறுபடி கேட்டாய், மறுபடியும் பக்கந்தான் என்றேன். வேறு என்ன சொல்வேன், தங்கபாய்? தூரம் குறையவே இல்லையே.

லில்லி அந்தப் பயணத்தை வரைந்தாள். வீட்டிலிருந்து உடைப்பு வரை கோடு ஏறியது. பிறகு பென்சிலை எடுக்காமல் கிடையாக இழுத்துக்கொண்டே போனாள்.

"நாம நின்னாலும் அம்மைக்கு நேரம் போய்ட்டுதானே இருந்துது" என்றாள். தாளில் பாதி தாண்டியும் அவள் கை நிற்கவில்லை. தடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

கணக்கு அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. இனி ஒருநாளும் தவறாது. எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. இதை அறிய அவளுக்கு வேறு வழி கிடைக்காமல் போயிற்றே.

அதோடு அவள் விடவில்லை. தண்ணீர் வடிந்து வண்டி நகர்ந்ததல்லவா, அங்கிருந்து கோட்டை மேலே ஏற்றினாள். சற்று ஏற்றிவிட்டு நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

"வண்டி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போச்சு. அம்மை போவலியே அப்பா. நான் எதுவரைக்கும் போடட்டும்?"

எந்த இடத்தில் நீ கடைசி மூச்சை விட்டாய்? மடியில் வைத்திருந்த அவளுக்கும் தெரியாது, கையைப் பிடித்திருந்த எனக்கும் தெரியாது. நீ தூங்குகிறாய் என்றுதான் இரண்டு பேரும் பேசாமல் வந்தோம். அந்தக் கோடு இன்னும் முடியாமல் கிடக்கிறது.

கணக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் ஆகாது. ஆனால் அவள் தாளை விரிக்கும்போது, இதுவரை செய்ததுபோல் இனி எழுந்து வெளியே போய்விட மாட்டேன். அவள் என்ன கேட்டாலும், பதில் தெரியாவிட்டாலும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் லில்லியின் அப்பா