பாவு முடிச்சு

அன்புள்ள நைனாவுக்கு, பத்மினி வணக்கத்துடன் எழுதுவது. திருப்பதியில் நான் நலம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா?

காலையில் போனில், "தறியில பழைய பாவு நூல்ல புதுப் பாவு நூல முடிச்சுப் போடுற மாதிரிதாம்மா, ரெண்டு மாத்திரயும் சேத்தே முழுங்கிக்கினு வரேன்" என்று சிரித்தீர்கள். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. தறிச் சத்தம்தான் என்று நம்புகிறேன்.

இதயத்தைக் காக்கும் பெப்டைடுகளை வெட்டும் நொதியை, டாக்டர் இப்போது எழுதித் தந்த புது மாத்திரை தடுக்கிறது. உடம்பில் வீக்கம் தரும் ஒரு பொருளையும் அதே நொதி வெட்டும். அந்தப் பொருளை வெட்டும் இன்னொரு நொதியை உங்கள் பழைய பிரஷர் மாத்திரை தடுக்கிறது. இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் அந்தப் பொருள் வெட்டுப்படாமல் தேங்கி, தொண்டை வீங்கி மூச்சடைக்கும், நைனா.

டாக்டரைக் கேட்கும்வரை இரண்டையும் தொடாதீர்கள். உதடு தடித்தால் தறியை அப்படியே விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

லேபில் லீவு தரவில்லை. இந்த லெட்டரைக் கொண்டுவரும் பஸ் கண்டக்டர் ரங்கையா மாமாவிடமே பழைய மாத்திரை அட்டையைக் கொடுத்தனுப்புங்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அவர் வெறுங்கையோடு இறங்கினால் அதே பஸ்ஸில் ஊருக்கு ஏறிவிடுவேன்.

பஸ் கிளம்புகிறது.
உங்கள் மகள் பத்மினி