கல்லில் கோத்த கைகள்

அன்புள்ள அம்மாவுக்கு மகேஸ்வரி எழுதுவது. முட்டிவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடாதே. நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் அண்ணன் பக்கத்திலேயே நிற்பான் என்றுதான் எழுதுகிறேன்.

இந்த ஊரில் அடுகோடி என்ற பகுதியில், கல்லறைக் கல் செதுக்கும் பட்டறையில் எனக்கு வேலை. நங்கூரம் என்றால் நம்பிக்கை, ஒடிந்த மொட்டு என்றால் சிறு வயதில் போன பிள்ளை என்று வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும்.

போன வாரம் விவேக் நகர் நோரா ஆன்ட்டி, கணவருக்குச் செய்த கல்லைப் பார்க்க மகனோடு வந்தார். மகன் சொன்னபடி அதில் கோத்த இரு கைகளைச் செதுக்கியிருந்தோம்.

"இதுக்கு இன்னா அர்த்தம்மா?"

"புருஷனும் பொண்டாட்டியும் மேல போயி மறுபடி சேருவாங்கன்னு ஆன்ட்டி."

அந்தக் கைகளைத் தடவிப் பார்த்தார். அவருடைய விரல்களில் இரண்டு, எப்போதோ ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தன.

"நாப்பது வருஷம் பட்டது போதும். அங்கயுமா? எடுத்துடுங்க."

"பாக்கறவங்க இன்னா சொல்லுவாங்க மம்மி?" என்று மகன் கத்தினான். அவர் அசையவில்லை. நான் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் தேய்த்து எடுத்தார். தூசி அடங்கும்வரை ஆன்ட்டி பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். பயப்படாதே.

பக்கத்து வீட்டுத் தேவகி அக்கா இங்கே வரும்போது என் ஸ்வெட்டரையும் கொஞ்சம் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்பு. என் வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்தால் சோறு போட்டு அனுப்பிவிடு. நான் இருக்கும் இடத்தை மட்டும் அவரிடமும் அண்ணனிடமும் சொல்லாதே. மேஸ்திரி கூப்பிடுகிறார். படித்ததும் இதை உறையோடு அடுப்பில் போட்டுவிடு அம்மா.

மகேஸ்வரி