பத்துப் படம்தான் இருக்கும்

அன்பு மகனுக்கு,

உன் பழைய ஃபிலிம் கேமராவை விற்கப் பார்த்தேன், விற்கவில்லை, நடுவில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, குழாய்க் கடையும் பரவாயில்லாமல் ஓடுகிறது, நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். ஒரு வருஷம் கை படாத சரக்கை நான் தள்ளிவிடுவேன் என்று உனக்குத் தெரியும், உன் கேமரா அலமாரியில் மூன்று வருஷமாகத் தூங்கியது. எதிர் கிளினிக் நர்ஸ் ஃபிலிமில் படமெடுக்கப் பழக வேண்டும் என்றாள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதுதான் சரி, பட்டனைப் பாதி அமுக்கினால் போதும், ஆட்டோஃபோகஸ், தானே குறி பார்த்துக்கொள்ளும் என்று நீ சொன்னதையே திருப்பிச் சொல்லி விலையும் பேசிவிட்டேன். திறந்து காட்டாமல் ஒரு குழாயைக்கூட நான் விற்றதில்லையே, அந்தக் கைப்பழக்கத்தில் பின்மூடியைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஐயோ அக்கா, மூடுங்க மூடுங்க, உள்ள ஃபிலிம் இருக்கு!" என்று அலறினாள். பட்டென்று மூடினேன். நீ ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் கேமராவும் கையுமாகத் திரிந்தாயே, அந்தப் படமெல்லாம் போயிற்று என்று ஸ்டுடியோக்காரரிடம் ஓடினேன். அவர் சிரிக்கிறார். இந்தக் கேமரா ஃபிலிமை முதலிலேயே முழுக்க வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, எடுத்த படத்தை மட்டும் ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் சுருட்டிக்கொள்ளுமாம், வெளிச்சம் பட்டுக் கெட்டது எடுக்காத பாகம்தானாம். வந்ததை அப்போதைக்கு அப்போதே பெட்டியில் போட்டுப் பூட்டுகிற புத்தி, எனக்கு அதன்மேல் மரியாதையே வந்துவிட்டது.

கழுவிப் பார்த்ததில் பதினொரு படம் வந்தது. பதினொன்றிலும் அப்பா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறார், ஏணிமேல் நின்று கொட்டாவி விடுகிறார், யாரிடமோ வாஷரை நீட்டிக்கொண்டு சிரிக்கிறார். கடையை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறாயே என்று அவர் உன்னிடம் பேச்சை நிறுத்தியிருந்த வாரம் அது. படங்களை அவர் முன்னால் வைத்துவிட்டு நான் பாட்டுக்கு ஸ்டாக் பார்த்தேன். ரொம்ப நேரம் புரட்டினார். "எல்லாத்துலயும் என்னையேவா எடுத்தான், ஃபிலிம் என்ன சும்மாவா வருது?" என்றார். கொஞ்சம் கழித்து, "எப்படி இருக்கானாம்?" என்றார். மூன்று வருஷத்தில் முதல் தடவை. நான் விடுவேனா, அவர் உன்னோடு போனில் பேசுவதற்குச் சூடு ஆறுவதற்குள் பேரம் பேசி முடித்துவிட்டேன்.

இந்த உறையில் பத்துப் படம்தான் இருக்கும், ஒன்று அவர் சட்டைப்பையில், கேட்டால் தெரியாது என்கிறார். கேமராவை நர்ஸிடம் இரவலாகக் கொடுத்திருக்கிறேன், நீ வரும்போது தந்துவிடுவாள். ராத்திரி கண் விழிக்காதே. எங்கே இருந்தாலும் நிமிர்ந்து நில், நல்லா இருப்பாய். இனி நிபந்தனையைக் கேள், மறந்துவிடாதே. ஞாயிறு காலை பத்து மணிக்கு நீ போன் செய்ய வேண்டும், அவரே எடுப்பார். ஏன் போனாய் என்று அவர் கேட்கமாட்டார், ஏன் பேசவில்லை என்று நீ கேட்கக் கூடாது. மூன்று நிமிடம் என்றார், பத்துக்கு ஏற்றியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா